கிணற்றுப் பங்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் நாம் குழாயைத் திருகித் தண்ணீர் பெறுகின்றோம். 1880களில் லபுகம நீர்த்தேக்கத்தை அமைத்துத் தலைநகருக்கு நீர் கொணர்ந்ததன் தொடர்ச்சி இது. நம்மிற் பலருடைய பூர்வீகமான யாழ்ப்பாணத்திலோ வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கற் படுகையில் ஊறும் நீரே உயிர்.

ஆகவேதான் அங்கே காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டு வந்தது. பங்கற்ற உழைப்பாளிகள் சாதியின் பெயரால் கிணற்றை அணுகவும் தடுக்கப்பட்டனர். பிறர் அள்ளி வார்க்கும்வரை வாளியுடன் காத்து நின்றனர். சாதி ஒதுக்கலைக் குற்றமாக்க 1957இல் சட்டம் வந்தது. நடைமுறை மாறுவதற்கு மக்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

பின்னர் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது. உறுதியுள்ளவரின் கிணறும் இல்லாதவர் அள்ளிய கிணறும் ஒருங்கே கெட்டன. 2019 ஏப்ரலில், கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புதுக்கடையில், உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பாதிக்கப்பட்ட மக்களுக்காக மின் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும்.

சொந்தக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க ஒருவரால் முடியும். அயலெங்கும் பரந்த ஊற்றைத் தனியொருவர் காக்க முடியுமா? பங்கு பிரித்த நம் முன்னோர் எண்ணாத அக்கேள்விக்கு, ஊர் ஒன்றுபட்டே விடை காண வேண்டும்.