பீர் புட்டியில் ஏறும் நாள்

இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளில் பல நூற்றாண்டுகளாக, குடும்பத்தாரும் பண்ணையாட்களும் அருந்தும் பீரைக் காய்ச்சுவது இல்லத்தரசியின் கடமைகளுள் ஒன்றாக இருந்து வந்தது. அக்கடமையில் அவளுடைய அறிவையும் பொறுமையையும் ஒருங்கே சோதித்த கட்டம், மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பதோ ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவிடுவதோ அன்று. நொதித்துக்கொண்டிருக்கும் பானத்தைப் புட்டியில் நிரப்பித் தக்கையிடுவதற்குரிய நாளை நிர்ணயிப்பதேயாகும். முந்திக்கொண்டால், எஞ்சிய சர்க்கரையை ஈஸ்ட் அடைபட்ட புட்டிக்குள்ளேயே உண்ண, வெளியேற வழியில்லாத கரியமில வாயு தக்கையைப் பிடுங்கி எறியும், அல்லது கண்ணாடியையே வெடிக்கச் செய்யும். மிகவும் தாமதித்தாலோ, திறந்த பாத்திரத்தில் காற்றுப்பட்டுப் பானம் புளித்துக் கெடும்.

1615-இல் ஜெர்வாஸ் மார்க்கம் வெளியிட்ட இல்லத்தரசிகளுக்கான நூல், குறுகிய வாயுள்ள உருண்டைப் புட்டிகளில் ஏல் என்னும் பீர் வகையை அடைத்து, தக்கைகளை உறுதியான நூலால் இறுகக் கட்டி, குளிர்ந்த நிலவறை மணலில் பாதியளவு புதைத்துவைக்குமாறு கூறுகிறது. அடைக்கும் நாளை அறிவதற்கோ அவளிடம் புலன்களேயன்றி வேறு கருவியில்லை: மேலே பொங்கிய நுரை அமிழ்ந்ததா, சீறல் அடங்கியதா, கலங்கல் தெளிந்ததா, நாவில் இனிப்பு மறைந்ததா என்று பார்த்தாள். இவை மெய்யான அடையாளங்களே. ஆயினும் குளிரால் ஈஸ்ட் அயர்ந்துவிட்டபோதும் இதே அமைதி தோன்றும் என்பதும், வெயில் திரும்பியதும் அது விழித்தெழும் என்பதும் அவ்வடையாளங்களின் குறை.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது. 1762-இல் பீர் காய்ச்சுபவரான மைக்கேல் கோம்ப்ரூன் தம் நூலில் வெப்பமானியின் பயனை வலியுறுத்தினார். சில ஆண்டுகளில், ஹாம்ப்ஷயரின் ஆல்ட்டன் நகரைச் சேர்ந்த இளைஞர் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக், தந்தையின் எதிர்ப்பையும் மீறி, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு மால்ட் சாற்றை அளந்து பார்த்தார். 1784-இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் சாக்கரோமீட்டர் என்னும் கருவியின் பிரயோகத்தை நூலாகவே விளக்கினார். தத்துவம் எளிது: சர்க்கரை கரைந்த நீர் அடர்த்தி மிக்கது, அச்சர்க்கரை நொதித்து உண்டாகும் சாராயம் நீரினும் அடர்த்தி குறைந்தது, ஆகவே நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியில் 1.040 என்றிருந்த அளவு நொதிக்க நொதிக்க இறங்கி 1.010 அளவில் வந்து நிற்கும். அந்த இறக்கத்தை நிகழ்த்துவது உயிருள்ள ஈஸ்ட்டே என்பதை, பீரைப் பற்றி 1876-இல் வெளியிட்ட நூலில் லூயி பாஸ்டர் விரிவாக நிலைநாட்டினார்.

கருவி நெடுங்காலம் ஆலைகளுக்கும் வரி அதிகாரிகளுக்குமே உரியதாயிருந்தது. 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை நீக்கி, சாற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பீருக்கு வரி விதித்தார். வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அவ்வுரிமத்தை ஒழித்த பின்னர், வீட்டுப் பீர் புத்துயிர் பெற்றது. ஆலையின் கருவியும் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

அன்று முதல் வீட்டில் காய்ச்சுவோர் கொண்ட விதி இதுவே: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒத்திருக்கவேண்டும், அவ்வளவு, அந்த மால்ட்டுக்கும் ஈஸ்ட்டுக்கும் எதிர்பார்க்கத்தக்க இறுதி அளவை ஒட்டியும் இருக்கவேண்டும். இரண்டாம் நிபந்தனையே, குளிரில் அயர்ந்த ஈஸ்ட்டின் பொய்யமைதியைக் காட்டிக்கொடுப்பது. நுரைக்காக வேண்டுமென்றே புட்டியில் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம்தான். அளவு இன்னும் 0.004 இறங்கவேண்டிய நிலையில் அடைத்தாலோ, ஏறக்குறைய 8 கிராம் சர்க்கரை அதனோடு கூடி, வாயுவின் அழுத்தத்தை இரு மடங்குக்கு மேல் உயர்த்திவிடும்.

நாவும் கண்ணும் அறிந்ததைக் கருவி பொய்யாக்கவில்லை. காத்திருக்கும் நாட்களில் ஒன்றையேனும் அது குறைக்கவுமில்லை. ஓர் இல்லத்தரசி வாழ்நாள் முழுவதும் பழகிப் பெற்று, மகளுக்கு மட்டுமே கைமாற்றிச் சென்ற அனுபவத்தை, முதன்முறை காய்ச்சுகிறவனும் நம்பி நடக்கக்கூடிய பொதுச்சொத்தாக்கியதே அதன் பெருந்தொண்டு.