போடி மலைச்சரிவில் உப்பும் தண்ணீரும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையைப் பார்த்துப் போனால் கொட்டகுடி வரும். ஒரு காலத்தில் அதற்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர். மேலே, மலை உச்சியில் டாப் ஸ்டேஷன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலை குண்டலப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து சேர்ந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. 1924 வெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. தேயிலைப் பெட்டி இறங்க இத்தனை ஏற்பாடு இருந்த சரிவில், வாந்திபேதியில் துவண்ட தொழிலாளியை இறக்க ஒரு கம்பளியும் கழியும் நாலு பேர் தோளும்தான் இருந்தன.

அந்த நாலு பேர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் காலரா அவர்களைவிட வேகமானது. கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை உடலிலிருந்து வெளியேற்றும். தண்ணீர் மட்டும் போவதில்லை. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் கூடவே போகும். கண் குழிந்து, கைநாடி தட்டுப்படாமல், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும். காலையில் வேலைக்குப் போனவர் இரவுக்குள் இறந்துபோவது அந்தக் காலத்தில் எங்கும் நடந்ததுதான். 1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் பசியோடு சேர்ந்து லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போனதும் இந்தக் காலராதான்.

இதற்கு மருந்து தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. அதுதான் இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் இடம்.

1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது வில்லியம் ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டறிந்து எழுதினார். இதே ஓஷானஸிதான் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பி இழுத்தவர். அவர் எழுதியதைப் படித்த தாமஸ் லாட்டா, 1832இல் ஸ்காட்லாந்தில், சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றினார். நாடி திரும்பியது, முகம் தெளிந்தது, மூதாட்டி பேசினார். பிழைத்துவிட்டார் என்று நம்பிய லாட்டா, அவரை மருத்துவமனை மருத்துவரின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பேதி தொடங்கியது. லாட்டாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவர் கிளம்பிய ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார்.

உப்புநீர் தோற்கவில்லை. எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆளுக்குத்தான் இன்று நர்ஸ் என்று பெயர்.

பிறகு எழுபது எண்பது ஆண்டுகள் இந்த வழி ஏறக்குறைய மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ், அடர்த்தி கூடிய உப்புநீரை ஏற்றி காலரா சாவுகளைப் பாதியளவுக்குக் குறைத்தார். ஆனால் அதற்கு மருத்துவமனை வேண்டும், கொதிக்க வைத்து ஆற்றிய நீர் வேண்டும், ஊசி போடத் தெரிந்த கை வேண்டும். கல்கத்தாவில் இவை இருந்தன. போடி மலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீட்டில் எது இருந்தது?

வாய்வழியாகக் கொடுத்தே காப்பாற்றலாம் என்று உலகம் நம்புவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் நோயாளிகள். மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கச் சொல்லி, டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். முப்பது சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. சர்க்கரை எதற்கு? குடல் சுவர் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது சோடியத்தையும் சேர்த்து இழுக்கிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கிய வழி இது. காலராவிலும் இந்த ஒரு வாசல் மூடுவதில்லை.

உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் இதே வாசலில்தான் நுழைகிறது. மாவுச்சத்து குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸாகிறது. மாவுச்சத்தை வைத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தபோது பேதி குறைந்தது. கஞ்சி காய்ச்சத் தெரியாத வீடு போடிப் பக்கம் இல்லை. ஆனால் பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்து நாவை வறளவிட்ட வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க வாசல் வாசலாகப் போய்ப் பேசியவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். அவர்களுடைய பையில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இப்போது சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு எழுபத்தைந்து மில்லிமோல் என்று சமமாக இருக்கின்றன. 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தி அமைத்த அளவு அது.

வாயால் குடிக்க முடியாதவருக்கு வார்டுதான் வழி. அங்கே நடப்பதை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். பாட்டிலைத் தொங்கவிட்ட சிஸ்டர், கைக்கடிகாரத்தைச் சேம்பருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணுகிறார். எட்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் போக வேண்டுமென்றால், மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட்டில், நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. குறைந்தால் சிறுநீரகம் நின்றுபோகும். வயதானவருக்குக் கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஊசியை நேரே நரம்பில் ஏற்றவே கூடாது, இதயம் நின்றுவிடும். பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும். குடித்த தண்ணீர், ஏறிய சலைன், போன சிறுநீர், எடுத்த வாந்தி எல்லாம் சார்ட்டில் ஏறுகின்றன. லாட்டாவின் மூதாட்டிக்குக் கிடைக்காமல் போனது இந்தச் சார்ட்தான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலேயுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ, மலையேற்றம் வந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். இருட்டில், பாதை இல்லாத சரிவில், டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். மறுநாள் காலை விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஒன்பது பேர் மலையிலேயே இறந்துவிட்டார்கள். போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குப் போனவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் மொத்தம் இருபதைத் தாண்டினார்கள்.

தீக்காயமும் ஒருவகையில் நீரிழப்பு நோய்தான். வெந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் கசிந்து, ரத்தத்தின் நீரும் சோடியமும் திசுக்களுக்குள் வடிந்துவிடும். சிதைந்த செல்களிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். டல்லாஸின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் 1960களில் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த கணக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது: உடல் எடை, வெந்த பரப்பின் சதவீதம், நான்கு மில்லி, இவற்றின் பெருக்கல். அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பாதி உடம்பு வெந்திருந்தால் முதல் நாளில் பன்னிரண்டு லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து எண்ணப்படுகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. பிற்பகலில் வெந்தவர் நள்ளிரவில் கீழே வந்தால், ஆறு லிட்டருக்கான நேரம் முழுவதும் சரிவிலேயே கழிந்திருக்கும். பிறகு மணிக்கு முப்பது மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா என்று பையைப் பார்த்துப் பார்த்துச் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அன்றிரவு அந்த வார்டுகளில் நின்ற நர்ஸுகளின் வேலை அதுதான்.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கப்பட்ட நர்ஸுகளுக்கு மாதத் தொகுப்பூதியம் அப்போது 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தது 2017 நவம்பரில், குரங்கணித் தீக்கு நான்கு மாதம் முன்பு. உயிரைச் சொட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தத் தொகை அநியாயம்.

மலையில் கதை வேறு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தோட்டமாக இருந்தது. ஏலமலையில் சிறு தோட்டங்கள் ஏராளம். அங்கே காய் பறிக்க போடியிலிருந்து பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு விடியலில் போடிமெட்டு ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வேலைக்காட்டில் பேதி கண்டால், முதல் சலைன் பாட்டில் பெரும்பாலும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஜீப்பிலும் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் அளவுப் பாட்டிலும் வைக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.