காமிராக் கோணம் (தமிழ்த் திரைப்படம்)

காமிரா எவ்வளவு தள்ளி, எந்த உயரத்தில் நின்று பார்க்கிறது என்பதைக் குறிப்பது. தொலைவை வைத்து லாங் ஷாட், மிட் ஷாட், குளோசப் என்றும், உயரத்தை வைத்து லோ ஆங்கிள், டாப் ஆங்கிள் என்றும் படப்பிடிப்பில் சொல்வார்கள். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரை எடுத்தால் அது 'சஜஷன்'. ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலையை லாங் ஷாட்டில் பிடித்தால் ஊர் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

உயரத்தின் வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் நன்றாக விளங்கும். அங்குள்ள கோயில் கோபுரம் 11 நிலை, 192 அடி. 300 அடி தள்ளி, கண் மட்டத்தில் காமிராவை நிறுத்தினால் எதிரே நிற்பவரின் தலை கோபுரத்தின் அடிவாரத்தோடு சரி. அதே இடத்தில் காமிராவைத் தரையில் வைத்து, ஆளை ஆறடி அருகில் நிறுத்தினால் அவர் தலை கலசத்தையே தாண்டிவிடும். கதாநாயகன் அறிமுகக் காட்சிகள் பலவும் இந்தக் கணக்குத்தான். போஸ்டரில் அதற்குப் பெயர் பிரம்மாண்டம்.

தொடக்கத்தில் இந்தக் கணக்கை யாரும் தேடவில்லை. 1910-களின் பிற்பகுதியில் 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாருக்கு, மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டுவதே பெரும்பாடு. 1931-இல் 'காளிதாஸ்' வந்து படம் பேசத் தொடங்கியபின், நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது காமிரா.

அதை எழுப்பியவர்களில் முக்கியமானவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1936-இல் 'சதி லீலாவதி'யை இயக்கிய அமெரிக்கர். தமிழ் தெரியாததே அவருக்கு உதவியிருக்க வேண்டும். வசனம் புரியாதவர் முகத்தைத்தானே பார்ப்பார். 'மீரா'வுக்காக (1945) எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவு உருவத்தைப் பாரிஸ் சாந்தில் செய்துவைத்து, எந்த ஒளியில், எந்தக் கோணத்தில் முகம் எப்படி மாறுகிறது என்று ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சேர்ந்து சோதித்தார். அந்தக் குளோசப்புகள் தற்செயலாக அமைந்தவை அல்ல.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாத படம். நிழலும் கோணமும் கதையைச் சுமந்தன. 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'யில் பி.எஸ். நிவாஸின் காமிரா ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்கே போனது.

பிறகு காமிராவை நீண்ட கையில் தூக்கும் ஜிம்மி ஜிப் வந்தது, பறக்கவிடும் ஹெலிகேம் வந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும் ரத வீதிகளையும் ஒரே ஃபிரேமில் மேலிருந்து அடக்கிவிடலாம். நாயகன் காரிலிருந்து காலை ஊன்றும்போது மட்டும் காமிரா மறுபடி தரைக்கு வந்துவிடுகிறது.