கூரைத்தகரத்திற்கும் அனுமதி: மீரியபெத்த நினைவூட்டும் வரலாறு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. லயன்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் இறுதிவரை மீட்கப்படவேயில்லை.

அந்த அழிவைப் பற்றி அப்போதே நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கு எழுத முனைவது, புதையுண்ட அந்த வீடுகளின் கூரையைப் பற்றி. சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் மலையகத் தமிழரின் வரலாற்றில் கூரை என்பது உரிமை பற்றிய கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது.

நகரத்தில் வாழ்பவருக்கு நடைமுறை தெரியும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நகர்ப்புறத்தில் வீடு கட்டவோ மாற்றியமைக்கவோ உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். புதிதாகக் கூரை அமைப்பதும் இதற்குள் அடங்கும். வரைபடமும் காணி உறுதியின் பிரதியும் கொடுத்து, கட்டணம் செலுத்தினால் அனுமதி கிடைக்கும். மறுத்தால் காரணம் கேட்கலாம். இந்த நடைமுறை எவ்வளவு அலைச்சல் தந்தாலும், விண்ணப்பிப்பவர் அந்த வீட்டின் உரிமையாளர் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

தோட்டத்திலும் அனுமதி வேண்டும். ஆனால் அது வேறு வகையானது. அங்கே வரைபடமும் இல்லை, உறுதியும் இல்லை. கணக்கப்பிள்ளையிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ சொல்லி, அவர் வழியாகத் துரையின் காதுக்கு எட்ட வேண்டும். காம்பராவுக்கு முன்னால் ஒரு பத்தி இறக்குவதற்கும், பிள்ளைகளுக்கென ஓர் அறை கூட்டுவதற்கும் துரையின் சொல்லே சட்டம். மறுத்தால் மேன்முறையீடு செய்ய இடமில்லை. அனுமதியின்றிக் கட்டியது உடைக்கப்படலாம்.

இது எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களுக்கு லயன் என்பது வீடாகக் கட்டப்படவில்லை. தொழிலாளரை வேலைத்தலத்திலேயே தங்கவைக்கும் கொட்டகையாகவே கட்டப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஆரம்பத்தில் புல் வேய்ந்த கூரை, பின்னர் தகரம். நோய் பரவியபோது அரசு தலையிட்டது. 1912ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் நோய்களைப் பற்றியும் லயன்களின் சுகாதாரத்தைப் பற்றியும் பேசியது. அதன்படி பொறுப்பு தோட்டத்தைச் சார்ந்தது. குடியிருப்பவருக்கு அதில் உரிமை எதுவும் எழுதப்படவில்லை.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதோடு காணி பற்றிய பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்திற்குச் சென்றன. முதலாளிகள் மாறினார்களே தவிர, கூரைக்குக் கீழே இருந்தவரின் நிலை மாறவில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற நிலை நீடித்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நிதி செலவிடத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்களித்தவர் தம் லயத்துப் பாதைக்கோ வடிகாலுக்கோ அந்தச் சபையிடம் போக முடியவில்லை. இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

செய்தி சேகரிக்கத் தோட்டங்களுக்குச் சென்ற நாள்களில் நான் மீண்டும் மீண்டும் கண்ட காட்சி ஒன்று உண்டு. துருப்பிடித்த தகரத்தின் மேல் கற்களும் பழைய டயர்களும் அடுக்கப்பட்டிருக்கும். ஓட்டைகளை மூடப் பொலித்தீன் விரித்திருப்பார்கள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், “நம்ம வீடா இருந்தா மாத்தலாங்க” என்பதே பதில். தனதல்லாத கூரையில் ஒரு மாதச் சம்பளத்தைப் போட எவர் துணிவார்?

மீரியபெத்தயின் துயரம் இங்கேதான் வந்து சேர்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு முன் அந்நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறவேண்டும் என்ற விதியும் 2011இலேயே வந்தது. புதிதாகக் கட்டுபவருக்கு அது பயன்பட்டது. ஆனால் நெடுங்காலத்திற்கு முன்னரே, யாரிடமும் எந்தப் பரிந்துரையும் கேட்காமல் அந்தச் சரிவில் நிறுத்தப்பட்ட லயன்களை என்ன செய்வது? “எச்சரித்தும் ஏன் போகவில்லை?” என்று அழிவின் பின்னர் கேட்டவர்கள் பலர். எங்கே போவது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. ஒரு துண்டுக் காணிகூட இல்லாதவரிடம் இடம்பெயரச் சொல்வது அறிவுரையாகலாம், உதவியாகாது.

உயிர் தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நீண்டகாலம் தங்கியிருந்தனர். 2016இல் பூனாகலை, மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இக்காலத்தில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி காணியில் தனிவீடு என்ற திட்டமும், இந்திய உதவியுடனான வீடமைப்பும் மலையகத்தில் நடைமுறைக்கு வந்தன. 2018இல் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இவை நல்ல தொடக்கங்களே. ஆயினும் லயன்கள் இன்னும் ஒழியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளையின் மலைகள் மீண்டும் சரிந்தன. உயிர்களும் மீண்டும் போயின.

அனுமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவில் வீடு கட்டுவதற்கு ஆய்வும் அனுமதியும் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை வழங்குவது பொது அதிகாரசபையாக இருக்க வேண்டும். கேட்பவர் கையில் காணி உறுதி இருக்க வேண்டும். தன் பெயரில் ஒரு வீடு உள்ளவர்தான் கூரையைத் திருத்தவும் முடியும், இந்த மலையின் கீழ் இனி வாழமாட்டேன் என்று சொல்லி வெளியேறவும் முடியும். மீரியபெத்தயில் இருந்தவர்களுக்கு இவ்விரண்டில் ஒன்றுமே வாய்க்கவில்லை.