30 நாள், ஒரு நாவல், ஏழு மாங்கா: பாதியில் நிற்காத வாசிப்புத் திட்டம் போடுவது எப்படி?

ஒண்ணாம் தேதி ஆர்வமா ஆரம்பிச்ச புத்தகம், பத்தாம் தேதி தலையணைக்குப் பக்கத்துல கிடக்கும். இருபதாம் தேதி அதுமேல போன் சார்ஜர் இருக்கும். "ஸ்கூல் படிக்கும்போது எவ்வளவு படிச்சேன், இப்ப பத்து பக்கம் தாண்ட மாட்டேங்குதே" என்ற வருத்தம் உங்களுக்கும் இருக்கா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பிரச்னை பெரும்பாலும் உங்கள் ஆர்வத்தில் இல்லை. "இந்த மாசம் பத்து புக்" என்று எண்ணிக்கையில் திட்டம் போடுவதில்தான் இருக்கிறது. புத்தகத்தை எண்ணாதீர்கள், நிமிடத்தையும் அத்தியாயத்தையும் எண்ணுங்கள். மாயாஜாலக் கதைகளும் மாங்காவும் இப்படிப் படிப்பதற்கு ரொம்பவே வசதியானவை.

மாங்கா தெரியாதவர்களுக்கு ஒரு வரி: உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடும் மாங்கா இல்லை, ஜப்பானியச் சித்திரக்கதை!

முதலில் ஊரைப் பாருங்கள்

சென்னைக்காரர்களுக்கு எழுதிய வாசிப்புத் திட்டங்கள் எல்லாம் "பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போங்கள்" என்றுதான் தொடங்கும். நாம் வேறு ஊரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டம், குன்றாண்டார்கோவில். ஊராட்சி ஒன்றியமே இந்த ஊரின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் மாங்கா விற்கும் கடையை எதிர்பார்க்க முடியாது. கீரனூருக்கு வந்து அங்கிருந்து புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஊரிலிருந்து நடக்கும் திட்டம் என்றால், எந்த ஊரிலிருந்தும் நடக்கும்.

கற்பனைக் கதைக்கும் இந்த ஊருக்கும் பொருத்தம் இல்லாமலும் இல்லை. குன்றைக் குடைந்து எடுத்த 8-ம் நூற்றாண்டுப் பல்லவர் காலச் சிவன் கோயில் இங்கே இருக்கிறது. அதன் முன்னால் பிற்காலத்தில் கட்டிய மண்டபத்தை, சக்கரமும் குதிரையும் வைத்து, ஓடுகிற தேர் மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். கல்லை ஓடவைக்க நினைத்தவர்களின் ஊரில் ஃபேன்டஸி படிக்கத் தனிக் காரணம் வேண்டுமா என்ன?

10 பக்க டெஸ்ட்

திட்டத்துக்கு முன்னால் உங்கள் வேகம் தெரிய வேண்டும். படிக்க நினைக்கும் நாவலில் 10 பக்கம் படியுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். வேகமாகப் படிக்க முயற்சி பண்ணாதீங்க, வழக்கம்போலப் படிங்க.

15 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 20 பக்கம். 300 பக்க நாவலுக்கு 15 நாள். ஒரு மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஏறக்குறைய 22 நாள் கிடைக்கும். அப்படியானால் 7 நாள் மிச்சம்!

இந்த 7 நாள்தான் திட்டத்தின் உயிர். காய்ச்சல், இன்டர்னல் டெஸ்ட், சொந்தக்காரங்க கல்யாணம், கரன்ட் கட்... எல்லாம் வரத்தான் செய்யும். மிச்சம் வைக்காத திட்டம் முதல் கல்யாணத்திலேயே படுத்துவிடும். மிச்சம் வைத்திருந்தால், விட்ட நாளுக்கு உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம்.

உங்களுக்கு 10 பக்கத்துக்கு 25 நிமிடம் ஆனால் கவலை வேண்டாம். நாவலை 150, 200 பக்கத்துக்குள் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வார நாளில் நாவல், வார இறுதியில் மாங்கா

இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மாங்காதான் ஜெயிக்கும். படம் கண்ணை இழுத்துவிடும், நாவல் காத்துக்கிடக்கும். அதனால் பிரித்துவிடுங்கள்: வார நாளில் அரை மணி நேரம் நாவல், சனி ஞாயிறில் தினமும் ஒரு மணி நேரம் மாங்கா. வாரம் முழுக்க எழுத்தோடு இருந்தவர்களுக்கு சனிக்கிழமை ஒரு பரிசு மாதிரி இருக்கும்.

மாங்காவின் ஒரு தொகுதி பொதுவாக 200 பக்கத்தை ஒட்டி இருக்கும். வசனம் குறைவு என்பதால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மாதத்தில் 8 வார இறுதி நாள். எனவே ஏழு, எட்டு தொகுதியில் முடிகிற தொடர்தான் முதல் மாதத்துக்குச் சரி.

* நௌசிகா: ஹயாவோ மியாசாகி 1982 முதல் 1994 வரை எழுதி வரைந்தது. மொத்தம் 7 தொகுதி. விஷக்காடு பரவிய உலகில், ராட்சதப் பூச்சிகளைப் புரிந்துகொள்ள முயலும் ஓர் இளவரசியின் கதை. முதல் மாதத்துக்கு நம் தேர்வு இதுதான்.
* புத்தா: மாங்காவின் பிதாமகர் ஒசாமு தெசுகாவின் படைப்பு. ஆங்கிலத்தில் 8 தொகுதி. நம் நாட்டுக் கதையை ஜப்பானியர் ஒருவர் எப்படிக் கற்பனை செய்கிறார் என்று பார்க்கலாம். சில தொகுதிகள் தடிமனானவை. நேரம் கூட்டி வையுங்கள்.
* டெத் நோட்: 12 தொகுதி. யார் பெயரை எழுதினாலும் அவர் இறந்துபோகும் நோட்டு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. கீழே வைக்க முடியாது. வயதில் சின்னவர்களுக்கு வேண்டாம்.
* ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: ஹிரோமு அரகாவா எழுதியது, 27 தொகுதி. இறந்த அம்மாவை ரசவாதத்தால் மீட்கப்போய்த் தங்கள் உடலையே இழக்கும் அண்ணன் தம்பி. ஒரு மாதத்தில் முடியாது. அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதி வையுங்கள்.

1997-ல் தொடங்கி நூறு தொகுதியைத் தாண்டிவிட்ட 'ஒன் பீஸ்' பக்கம் முதல் மாதத்தில் போகவே வேண்டாம். அது ஒரு மாத வேலை இல்லை, ஒரு வாழ்க்கை முறை!

எந்தப் பக்கம் திறப்பது?

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் முதல் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் ஆரம்பித்து இடது கீழ் மூலையில் முடியும். பேச்சுக் குமிழ்களும் அதே வரிசைதான். முதல் இருபது பக்கம் தடுமாறும். பிறகு கண் பழகிவிடும்.

போனில் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கும் வண்ணக் கதைகள் பெரும்பாலும் கொரியாவின் வெப்டூன்கள். அவற்றை இடமிருந்து வலமாகவே படிக்கலாம்.

மாங்கா நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. "என் இங்கிலீஷ் அவ்வளவு போதாதே" என்று தயங்க வேண்டாம். குமிழுக்கு ஒன்றிரண்டு வரிதான். மீதியைப் படம் சொல்லிவிடும். நாவலைத் தமிழில் வையுங்கள், மாங்காவை ஆங்கிலத்தில் வையுங்கள். மாத முடிவில் இரண்டு மொழியிலும் கொஞ்சம் ஏறியிருப்பீர்கள்.

நாவலுக்கு எதை எடுப்பது?

அத்தியாய எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் திட்டம் தானாகவே அமைந்துவிடும். ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் 17 அத்தியாயம், பி.எஸ்.வி.குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றாலும் 22 வார நாளுக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் படிக்க விரும்பினால் டோல்கீனின் 'தி ஹாபிட்', 19 அத்தியாயம். தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டும் என்றால், பனிமலையில் ஒரு விசித்திர மனிதனைத் தேடிப்போகும் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. சிறுவர்களுக்காக எழுதியது, பெரியவர்களுக்கும் விறுவிறுப்பு குறையாது. அவருடைய 'விஷ்ணுபுரம்' ரொம்பப் பெரியது. அதற்குத் தனியாக ஒரு மாதம் வேண்டும்.

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத மாதம்

கையில் காசு இல்லையா? 30 நாளுக்குச் சரியாக 30 அத்தியாயம் உள்ள ஃபேன்டஸி ஒன்று தமிழில் தயாராக இருக்கிறது: சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. மொத்தம் 30 காதை.

பாடப்புத்தகத்தில் மனப்பாடம் பண்ணிய கோபத்தை ஒரு நிமிடம் ஓரம் வையுங்கள். ஒரு தெய்வம் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. 10-வது காதையில் வானில் பறக்கவும், வேற்றுரு எடுக்கவும், பசியைத் தாங்கவும் மந்திரங்கள் கிடைக்கின்றன. 11-வது காதையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. தீராத பசியால் தவிக்கும் காயசண்டிகை வருகிறாள். பிறகு அவள் உருவத்தை மணிமேகலை எடுக்க, அவளைத் தன் மனைவி என்றே நினைத்துவிடும் காஞ்சனன், பின்தொடர்ந்து வரும் இளவரசனை 20-வது காதையில் வெட்டிவிடுகிறான். அனிமேவாக வந்தால் முதல் சீசன் இங்கே முடியும்!

மூல வரிகளை மட்டும் படித்தால் கடினம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இலவசமாக இருக்கிறது. உரையைப் படித்துவிட்டு, பிடித்த இடத்தில் மட்டும் மூலத்தைப் பாருங்கள். 27, 29, 30-ம் காதைகள் சமய, தத்துவ வாதங்கள். அங்கே வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். சுருக்கமாகப் படித்துக் கடக்கலாம்.

மாங்காவுக்கும் இலவச வழி உண்டு. ஜப்பானியப் பதிப்பகமான ஷூயிஷா 2019-ல் தொடங்கிய 'மாங்கா பிளஸ்' ஆப்பில், பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் கடைசியாக வந்தவற்றையும் சட்டப்படியே காசில்லாமல் படிக்கலாம். காசு கொடுத்து வாங்கும் முன் ஒரு கதை நமக்குப் பிடிக்குமா என்று பார்க்கவும் இது உதவும்.

திருட்டுத் தளங்கள் வேண்டாமே. கண்ட விளம்பரமும் உங்கள் போனுக்குள் வரும் என்பது ஒரு பக்கம். வாரம்தோறும் சுமார் 20 பக்கம் வரைந்து தள்ளுகிறவருக்கு ஒரு பைசாவும் போகாது என்பது இன்னொரு பக்கம். ஜப்பானில் 'மாங்காமுரா' என்ற பெரிய திருட்டுத் தளம் 2018-ல் மூடப்பட்டது. அதை நடத்தியவருக்கு 2021-ல் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மாதம் ஒரு முறை டவுனுக்கு

புதுக்கோட்டைக்குப் போகும் நாளில் மாவட்ட மைய நூலகத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை நாளில் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அந்தக் கெடு தேதியே உங்கள் நாவலின் முடிவுத் தேதி. இதைவிடக் கறாரான அலாரம் எந்த ஆப்பிலும் இல்லை.

அதே புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் கொண்ட தனியார் ஆய்வு நூலகம். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். நம்ம மாவட்டத்தில் இரண்டு பேர் ஒவ்வொரு புத்தகமாகச் சேர்த்து இவ்வளவு வைத்திருக்கிறார்களே என்று பார்த்துவிட்டு வந்தாலே, 20 பக்கம் ஒரு விஷயமாகத் தெரியாது.

"இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போவுது?"

வீட்டில் கேட்பார்கள். பதில் வீட்டிலேயே இருக்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். மணியம் படம் வரைந்தார். அந்தக் கால வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். வாரம் ஓர் அத்தியாயம், கூடவே படம், அடுத்த வாரம் வரை காத்திருப்பு. மாங்கா வருவதும் அதே மாதிரிதான். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது அப்பாக்களும் சித்தப்பாக்களும் இதைத்தான் செய்தார்கள். கேட்டுப் பாருங்கள். திட்டு நின்று கதை ஆரம்பிக்கும்.

கடைசியா நாலு விதி

1. 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். மாற்றுப் புத்தகம் ஒன்றை முதல் நாளே பெயர் எழுதி வையுங்கள்.
2. போனில் படிக்கிறீர்களா, அந்த அரை மணி நேரம் ஏரோபிளேன் மோட். ஆப்பில் மட்டுமே படிக்க முடிகிற கதை என்றால் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்.
3. முடித்த அத்தியாயத்தை காலண்டரில் ஒரு டிக் போடுங்கள். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் வீடு என்றால், அந்தத் தாளின் பின்னால் ஒரு வரி: இன்று என்ன நடந்தது?
4. ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கையோ, ஹாஸ்டல் நண்பரோ, யாராவது. "நீ எந்த அத்தியாயத்துல இருக்க?" என்று கேட்க ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நாவல் முக்கால்வாசியில் நிற்கலாம், மாங்கா நாலு தொகுதியோடு நிற்கலாம். அது தோல்வி இல்லை. போன மாதம் பத்து பக்கம் தாண்டாதவர் இந்த மாதம் 200 பக்கம் வந்திருக்கிறீர்கள். மீதி 100 பக்கத்துக்கு இன்னும் 5 வார நாள்தான். அடுத்த மாதம் முதல் வாரத்தில் போட்டுவிடுங்கள்!