மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? இதய நோயாளரும் ஞாபகத் தேர்வும்

மாரடைப்புக்கோ பைபாஸ் சத்திரசிகிச்சைக்கோ பின் வைத்தியசாலைக்குச் செல்லும் நம் பெற்றோரிடம் சில இடங்களில் ஞாபகசக்தியையும் சோதிக்கிறார்கள். இதயத்துக்கு வந்த இடத்தில் இது எதற்கு என்று நாம் குழம்புகிறோம்.

காரணம் உண்டு. இதயம் வலுவிழந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையலாம். ஒழுங்கற்ற இதயத்துடிப்பால் உருவாகும் இரத்தக்கட்டி மூளையின் நாளங்களை அடைக்கலாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இரு உறுப்புகளின் நாளங்களையும் பழுதாக்குகின்றன. மறதி கூடினால் மருந்து தவறும். வார்ஃபரினை மறந்து இரண்டு தடவை எடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்தும் உண்டு.

தேர்வு எப்படிப்பட்டது?

பரவலாகப் பயன்படுவது, கனடாவின் மொன்றியலில் உருவாகி 2005இல் ஆய்விதழில் வெளியான 'மோக்கா' தேர்வு. சுமார் 10 நிமிடம், மொத்தம் 30 புள்ளிகள். மூல வடிவில் 26க்குக் குறைந்தால் மேலதிகப் பரிசோதனை தேவை. 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டப்படும்.

எங்கே சிக்குகிறது?

ஆங்கிலத்தில் 'எஃப்' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். தமிழில் 'க' என்று கேட்டால் 'கடல்' சரி. 'காகம்', 'கிளி' சரியா? முன்கூட்டியே விதி வகுக்காவிட்டால் ஆளுக்கொரு விதமாகப் புள்ளி விழும். நினைவில் வைக்கவேண்டிய ஐந்து சொற்களில் ஒன்று 'டெய்சி' என்ற பூ. அந்தப் பூவை அறியாத அம்மம்மா அதை மறந்தால், குறை ஞாபகத்திலா, சொல்லிலா?

சரிபார்ப்பது எப்படி?

முதலில் இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். பொருள் மாறியிருந்தால் திருத்துவார்கள். பின்பு சில நோயாளரிடம் கேட்டு, கேள்வியை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று விசாரிப்பார்கள்.

கடைசிப் படியே முக்கியமானது. நோயாளர் பலருக்குத் தேர்வை நடத்தி, முடிவை வைத்திய நிபுணரின் முழுப் பரிசோதனையோடு ஒப்பிடுவார்கள். பாதிப்புள்ளவரில் எத்தனை பேரைத் தேர்வு பிடித்தது, பாதிப்பில்லாதவரில் எத்தனை பேரைச் சரியாக விட்டது என்று கணக்கிட்டு, தமிழருக்கான எல்லைப் புள்ளியை முடிவு செய்வார்கள். அது 26 ஆகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

யாழ்ப்பாணத்தில் மோக்காவின் இலங்கைத் தமிழ் வடிவம் இவ்வாறு சரிபார்க்கப்பட்டுள்ளது. ஆனாலும் பொதுவான முதியோரிடம் கண்ட எல்லை, களைப்பும் மூச்சுத்திணறலும் மனச்சோர்வும் உள்ள இதய நோயாளருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. அவர்களிடமும் சரிபார்க்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

- சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் உண்டா என்று கேட்போம்.
- பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கோருவோம். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் பாசத்தில் விடையையும் எடுத்துக்கொடுத்துவிடுவோம்.
- எத்தனை வகுப்புப் படித்தவர், தமிழ் வாசிப்பாரா என்பதைச் சொல்வோம்.
- கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறக்காமல் கொண்டுபோவோம்.
- வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டாம். பழகிய தேர்வு உண்மை நிலையை மறைக்கும்.
- சத்திரசிகிச்சை முடிந்த நாட்களில் வரும் குழப்பம் பெரும்பாலும் தற்காலிகமானது. அப்போது புள்ளி குறைந்தால், தேறிய பின் மீண்டும் சோதிக்கச் சொல்வோம்.

குறைந்த புள்ளி மறதிநோய் என்ற தீர்ப்பல்ல. மேலும் பார்க்கவேண்டும் என்ற அறிவிப்பு. அது நோயைக் காட்டுகிறதா, மொழி இடைவெளியைக் காட்டுகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.