லேயர் லேயராக ஒரு சீனத் தெரு

டேப்லெட்டில் படம் வரையும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பதிவு. பாட்டி சொன்ன ஊரை வரைந்தால் அது வரலாறா, வெறும் கற்பனையா? யாங்கோன் நகரத்துச் சீனத் தெருவை வைத்து இதைப் பார்ப்போம்.

நம் பெரியவர்கள் ரங்கூன் என்று சொல்வார்களே, அதே ஊர்தான். 1852இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர்நேராகத் தெரு போட்டார்கள். நடுவில் சூலே பகோடா. அதற்கு மேற்கே, தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் இருக்கும் இந்தியர் பகுதி. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்தால் லத்தா, அதாவது சீனர் பகுதி.

சீனர் என்றாலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஹொக்கியன் மொழிக்காரர்களில் வியாபாரிகள் அதிகம். கான்டனீஸ்காரர்களில் தச்சர் போன்ற கைத்தொழிலாளர்கள் அதிகம். பர்மியர்கள் முதல் கூட்டத்தை ‘நீளக்கைக்காரர்’ என்றும் அடுத்ததை ‘குட்டைக்கைக்காரர்’ என்றும் அழைத்தார்கள். சட்டையின் கையை வைத்து வந்த பெயர்! கோயிலும் தனித்தனி. கான்டனீஸ்காரர்களின் குவான்யின் கோயில் 1823இல் தொடங்கியது. 1855இல் தீயில் அழிந்து, பிறகு மீண்டும் எழுந்தது. ஹொக்கியன்காரர்கள் ஆற்றோரம் ஸ்ட்ராண்ட் ரோட்டில் 1861இல் கடல் தெய்வமான மாட்சுவுக்குக் கோயில் எடுத்தார்கள்.

அடுத்து வருவது வலியான பகுதி. 1964இல் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு தனியார் பள்ளிகளைத் தேசியமயமாக்கத் தொடங்கியது. சீனப் பள்ளிகளும் அதில் போயின. 1967 ஜூனில், மாணவர்கள் மாவோ பேட்ஜ் அணிந்த தகராறு பெரிய கலவரமாக வெடித்தது. சீனர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, பலர் உயிரிழந்தார்கள். அதே பத்தாண்டில் லட்சக்கணக்கான இந்தியர்களும் கப்பலேறினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுபோக அனுமதி இல்லை. இப்படிக் கிளம்பிய குடும்பங்கள் பலவற்றில் மிஞ்சியது ஞாபகம் மட்டும்தான்.

அதனால்தான் வரைவது முக்கியம். ஆனால் கொஞ்சம் ஒழுங்கோடு வரையுங்கள். கிரிட்டா போன்ற இலவச மென்பொருளிலேயே லேயர் வசதி இருக்கிறது. முதல் லேயரில் உறுதியாகத் தெரிந்தது: தெருவின் அமைப்பு, கோயில் கூரை, ஆண்டு. இரண்டாவதில் பெரியவர்கள் சொன்னது. மூன்றாவதில் உங்கள் ஊகம். ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டுச் சேமியுங்கள். நாளைக்கு உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு எது சான்று, எது நினைவு, எது கற்பனை என்று புரியும்.

சிவப்பு விளக்கும் டிராகனும் மட்டும் வரைந்தால் அது தபால் அட்டை. பூட்டிய பள்ளிக்கும் அதில் இடம் கொடுங்கள். சீன நண்பர் வீட்டுப் பாட்டியோ நம் பாட்டியோ, பேச ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்று முடித்துவிடுவார்கள். “தெருமுனைக் கடைக்காரர் சட்டைக்குக் கை எவ்வளவு நீளம்?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.